விசுவாசிக்குப் பயம் வரலாமா?

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி தவறாமல் சுற்ற ஆரம்பிக்கும். 'பயப்படாதே' என்ற வார்த்தை பைபிளில் 365 முறை வருகிறதாம், வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாம். மேடையில் பிரசங்கியார்களும் இதைச் சொல்வார்கள், சபையும் ஆமென் போடும். எந்த வார்த்தை பைபிளில் எங்கெங்கே வருகிறது என்று பட்டியலிடும் ஒத்தவாக்கியப் புத்தகத்தைத் திறந்து வைத்து எண்ணினால் கணக்கு உதைக்கிறது. 'பயப்படாதே', 'பயப்படாதிருங்கள்', 'கலங்காதே', 'திகையாதே' என்று அகப்பட்டதையெல்லாம் சேர்த்துக் கூட்டினாலும் அந்த எண்ணுக்கு வெகுதூரம் கீழேயே நின்றுவிடும். கணக்குத் தப்பு பெரிய குற்றமில்லை, விட்டுவிடலாம். உறுத்துவது அந்த வார்த்தையை நாம் பயன்படுத்தும் விதம். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நிற்கிற மனைவியிடமும், வேலை போய் வாடகை பாக்கி ஏறிக்கொண்டிருக்கிற குடும்பத்தலைவரிடமும் போய், "விசுவாசிக்குப் பயம் வரலாமா?" என்று கேட்கிறோம். அதுவரை அவருக்கு ஒரு பயம்தான் இருந்தது. கேட்டுவிட்டு நாம் கிளம்பிய பிறகு இரண்டாகிவிடுகிறது: வியாதியைப் பற்றி ஒன்று, தன் விசுவாசம் போலியோ என்று இன்னொன்று.

வேதத்தில் அந்த வார்த்தை வருகிற இடங்களைப் பார்த்தால், அது கண்டிப்பாக வருவது குறைவு. அநேக இடங்களில் அதை ஒட்டி ஒரு காரணமோ, ஒரு வழியோ, ஒரு துணையோ வருகிறது. ஆதியாகமம் 21-ல் ஆபிரகாம் வீட்டிலிருந்து அனுப்பிவிடப்பட்ட அடிமைப்பெண் ஆகார், தோல் துருத்தியில் இருந்த தண்ணீர் தீர்ந்துபோய், பிள்ளையைச் செடியின் கீழே விட்டுவிட்டு, அது சாகிறதைப் பார்க்க மாட்டாமல் தள்ளிப்போய் உட்கார்ந்து அழுகிறாள். 'பயப்படாதே' என்று அவளிடம் சொல்லப்படுகிறது. உடனே 'பிள்ளையிருக்கும் இடத்திலே தேவன் அவன் சத்தத்தைக் கேட்டார்' என்று காரணம் வருகிறது. அதற்கு அடுத்து ஒரு தண்ணீர்த் துரவு, அதாவது கிணறு, அவள் கண்ணில் படுகிறது. அவள் போய்த் துருத்தியை நிரப்பிக் குடிக்கக் கொடுக்கிறாள். துரவைக் காட்டாமல் வார்த்தையை மட்டும் வீசிவிட்டுப் போவது நம் வழக்கம். சம்பவத்தில் அப்படி நடக்கவில்லை.

இந்த விஷயத்தில் அதிகம் அடிபடுகிற வசனம் 2 தீமோத்தேயு 1:7. தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார். நல்ல வசனம்தான். ஆனால் அதை எடுத்துச் சொல்கிறவர்கள் பவுல் எழுதிய அந்த நிருபத்தை, அதாவது கடிதத்தை, கடைசிவரை வாசிப்பதில்லை. அதே நிருபத்தின் நாலாம் அதிகாரத்தில், காவலில் இருக்கிற பவுல், துரோவாவில் கார்ப்பு என்பவனிடம் விட்டுவந்த மேலங்கியை எடுத்துவரச் சொல்கிறார். மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேரப் பார் என்கிறார். முதல்விசை விசாரணையில் ஒருவரும் தன்னோடு நிற்கவில்லை என்று வருத்தத்தோடு எழுதுகிறார். குளிர் வரப்போகிறது, போர்த்திக்கொள்ள ஒன்றும் இல்லை, ஆள் துணையும் குறைவு. இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதிக் கேட்பதுதான் அவர் சொன்ன தெளிந்த புத்தி. 'உள்ளே பயங்களும் இருந்தன' என்று கொரிந்தியருக்கு எழுதியவரும் இதே பவுல்தான் (2 கொரிந்தியர் 7:5). அவரை எந்தச் சபையும் சாட்சி நேரத்தில் மேடையைவிட்டு இறங்கச் சொல்லவில்லை.

பதின்மூன்றாம் சங்கீதம்

பயத்தோடு என்ன செய்வது என்பதற்கு வேதத்தில் ஒரு செயல்முறையே இருக்கிறது. சங்கீதப் புத்தகத்திலுள்ள 150-ல் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் முறையீட்டுச் சங்கீதங்கள். அவற்றில் மிகச் சிறியவற்றில் ஒன்று 13. மொத்தம் ஆறே வசனம், நிதானமாக வாசித்தாலும் ஒரு நிமிஷம்தான் ஆகும்.

முதல் இரண்டு வசனத்தில் நாலு கேள்வி, நாலும் 'எதுவரைக்கும்'. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்? எதுவரைக்கும் உம்முடைய முகத்தை மறைப்பீர்? எதுவரைக்கும் இந்தச் சஞ்சலத்தை நித்தம் நித்தம் சுமந்துகொண்டு ஆலோசனை பண்ணிக்கொண்டிருப்பேன்? எதுவரைக்கும் சத்துரு தன்னை உயர்த்துவான்? கேள்விகள் போகிற திசையைக் கவனிக்க வேண்டும். முதல் இரண்டும் தேவன்மேல், மூன்றாவது தன் மனசுக்குள், நாலாவது வெளியே நிற்கிற எதிரிமேல். பயந்தவன் மனசு இந்த மூன்று இடத்துக்கும்தான் மாறிமாறி ஓடும். எழுதியவருக்கு அது தெரிந்திருக்கிறது. மூன்று, நாலாம் வசனம் விண்ணப்பம். 'என்னை நோக்கிப்பாரும், என் கண்களைத் தெளிவாக்கும்' என்று கேட்டுவிட்டு, கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்: மரணநித்திரை அடைவேன், எதிரி களிகூருவான். பயத்தின் கடைசிப் படியை, நாம் வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிற அந்த ஒன்றை, ஜெபத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துவிடுகிறார்.

ஐந்தாம் வசனம் 'நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்' என்று தொடங்குகிறது. நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே என்ன நடந்தது? வேதபண்டிதர்கள் இதற்குப் பல விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் ஆசாரியர் ஆறுதல் வாக்கு ஒன்று சொல்லியிருக்கலாம் என்பது அதில் ஒன்று. ஆனால் பாட்டில் அப்படி எதுவும் எழுதியில்லை. எதிரி போய்விட்டதாக இல்லை, வியாதி தீர்ந்ததாக இல்லை, பதில் வந்ததாகக்கூட இல்லை. நிலைமை அப்படியேதான் இருக்கிறது. மாறியது ஒன்றுதான். நாலு வசனமாகத் தன் பயத்தைத் தேவன் முகத்துக்கு நேராகச் சொல்லித் தீர்த்திருக்கிறார். இவ்வளவு தூரம் கோபித்துக்கொண்டும் கெஞ்சியும் ஒருவரிடம் பேச முடிகிறதென்றால், அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எங்கேயோ நம்புகிறோம் என்றுதான் பொருள். அந்த நம்பிக்கை ஐந்தாம் வசனத்தில் புதிதாகப் பிறந்ததில்லை. முதல் வசனத்தின் 'கர்த்தாவே'யிலேயே இருக்கிறது. முறையிட்டு முடித்த பிறகுதான் அது அவர் கண்ணுக்கே தெரிகிறது.

இதை வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் ஒரு தாளை எடுத்துக்கொள்ளலாம். முதலில் தேவனைக் கூப்பிட்டு ஒரு வரி. அடுத்து முறையீடு. இதில் பொதுவாக 'கஷ்டம்', 'பிரச்சினை' என்று எழுதக்கூடாது, பெயர் சொல்லி எழுத வேண்டும்: சிறுநீரகப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஏறிக்கொண்டே போகிறது, வங்கியில் பதினைந்தாம் தேதிக்குள் கட்டச் சொல்லியிருக்கிறார்கள், பையன் போனை எடுக்கவில்லை. மூன்றாவது, என்ன வேண்டும் என்று ஒரே ஒரு கோரிக்கை. நாலாவது, அது நடக்காவிட்டால் என்ன ஆகுமோ என்று பயப்படுகிறோமோ அது. கடைசியில், முன்பு நடந்த ஏதாவது ஒரு நன்மையை நினைவுகூர்ந்து ஒரு நம்பிக்கை வரி. சறுக்குவது பெரும்பாலும் இரண்டாவதில்தான். சிறுவயதிலிருந்து 'ஸ்தோத்திரம்' சொல்லியே ஆரம்பிக்கப் பழகியவர்கள் முறையீட்டை அரை வரியில் முடித்துவிட்டு நேராக ஐந்தாம் வசனத்துக்குத் தாவுவார்கள். அப்படிச் சொன்ன நம்பிக்கை ராத்திரி இரண்டு மணிக்குக் கைகொடுக்காது. இன்னொரு பக்கம், கடைசி வரி வரவே வராத நாளும் உண்டு. அதை வலிந்து எழுத வேண்டியதில்லை. 88-ஆம் சங்கீதம் நம்பிக்கை வரி எதுவும் இல்லாமல், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று இருட்டிலேயே முடிகிறது. அதையும் பரிசுத்த வேதாகமம் என்றுதான் அச்சடித்து விற்கிறோம்.

இந்த இடத்தில் 91-ஐப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 'உன்னதமானவரின் மறைவிலிருக்கிறவன்' என்று தொடங்குகிற அந்தச் சங்கீதம் வாசல்நிலைக்கு மேலேயும் காரின் முன்கண்ணாடியிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. கொரோனா காலத்தில் பல வீடுகளில் அதுதான் தினசரி ஜெபம். அருமையான பாட்டு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சுவிசேஷத்தில் அந்தச் சங்கீதத்தை எடுத்துச் சொல்கிறவன் யார் என்று பார்க்க வேண்டும். மத்தேயு 4-ல் தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, 'தாழக் குதியும், தூதர்கள் உம்மை ஏந்துவார்கள்' என்று 91-லிருந்து வசனம் காட்டுகிறவன் பிசாசு. ஒரு ஆறுதலை உத்தரவாதப் பத்திரமாக மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். அதைத் தினமும் வாசித்த வீட்டிலும் கொரோனாவில் ஆள் போயிருக்கிறார். அந்த வீட்டாரிடம் போய் இனி எந்தச் சங்கீதத்தை வாசிப்பது? 13-ஐ வாசிக்கலாம், 88-ஐ வாசிக்கலாம். 91 மட்டுமே தெரிந்திருந்தால் வாயடைத்து நிற்க வேண்டியதுதான்.

சிறைப்பட்டவன் சொன்ன கதை

1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மாவிடம் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு அதே திருவிதாங்கூரின் படையைப் பயிற்றுவிக்கும் பொறுப்புக்கு வந்தார். அரண்மனை அலுவலில் இருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளையோடு அவருக்குப் பழக்கம். நீலகண்ட பிள்ளைக்கு ஆடுமாடு சாவும் விளைச்சல் நஷ்டமும் தொடர்ந்து வந்து மனம் உடைந்திருந்தபோது, டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது அந்தப் பக்கத்து மரபு. நோயிலிருந்து தப்பிய ஒருவரின் கதையையோ வியாபாரம் செழித்த ஒருவரின் கதையையோ அவர் தேர்ந்தெடுக்கவில்லை. எல்லாம் போன ஒருவனின் கதையை, எல்லாம் போய் அந்நிய தேசத்தில் இருந்த ஒருவர் சொன்னார். 1745-ல் வடக்கன்குளத்தில் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-ல் கைது, அடி, ஊர் ஊராக எருமைமேல் ஏற்றி அவமானம். 1752 ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம். 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

மூன்று வருடச் சித்திரவதையைத் தாங்கினவருக்கு ஆரம்பத்தில் கிடைத்தது 'எல்லாம் சரியாகிவிடும்' என்ற வாக்கு இல்லை என்பதை யோசித்துப் பார்க்கத் தோன்றுகிறது. யோபு புத்தகம் 42 அதிகாரம். அதில் யோபுவுக்கு ஏன் இப்படி நடந்தது என்று அவனுக்கு யாருமே கடைசிவரை சொல்வதில்லை, தேவனும் சொல்வதில்லை. மூன்று சிநேகிதர் வந்து ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்ததுவரை எல்லாம் சரியாகவே இருந்தது. அவர்கள் வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. நீ பாவம் செய்திருப்பாய், அறிக்கையிடு, சரியாகிவிடும் என்று இருபது அதிகாரத்துக்குமேல் இழுக்கிறது வழக்கு. முடிவில் தேவன் கோபப்படுவது கத்திக் கதறின யோபுமேல் இல்லை, அந்தச் சிநேகிதர்மேல். என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று அவர்களிடம்தான் சொல்கிறார். அதற்குப் பிறகு 42:11-ல் உறவினர்கள் வந்து அவன் வீட்டில் சாப்பிடுகிறார்கள். ஆளுக்கு ஒரு தங்கக்காசும் ஒரு பொன் ஆபரணமும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஆறுதல் சொல்வதற்குக் கைக்காசும் சேர்ந்துதான் வந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே

வியாதிப்பட்டவரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒருசில காரியம். கூட்டமாகப் போக வேண்டாம், இரண்டு பேர் போதும். நின்றுகொண்டு பேசாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கண் மட்டத்துக்கு உட்கார வேண்டும். ஜெபத்துக்கு முன்னால், "எத நெனச்சு ரொம்பப் பயமா இருக்கு?" என்று ஒரு கேள்வி. பதில் பெரும்பாலும் நாம் நினைத்ததாக இருக்காது. மயக்க மருந்திலிருந்து விழிக்காமல் போய்விடுவோமோ என்பார், அல்லது பில் எவ்வளவு வருமோ, ப்ளஸ் டூ படிக்கிற பெண்ணுக்கு யார் சமைத்துப் போடுவார்கள் என்பார். அதைத்தான் ஜெபத்தில் பெயர் சொல்லி வைக்க வேண்டும். மயக்க மருந்து டாக்டருக்காகக் கேட்கிற ஒரு வரி, 'சகல வியாதியும் நீங்கட்டும்' என்ற பத்து நிமிஷ ஆராதனையைவிட அவருக்கு நெருக்கமானது. வாசிப்பதற்கு 121-ஆம் சங்கீதம் போதும், எட்டு வசனம். ஜெபம் இரண்டு நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம். நிச்சயம் சுகமாகிவிடும் என்று வாக்குக் கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை. அறுவைக்கு முன் வெறும் வயிற்றில் இருக்கச் சொல்லியிருந்தால், நற்கருணையோ தீர்த்தமோ எதுவானாலும் நர்ஸைக் கேட்ட பிறகுதான்.

கத்தோலிக்கர்கள் மத்தியில் பழைய பயம் ஒன்று உண்டு. சாமியார் எண்ணெயோடு வந்துவிட்டால் முடிந்தது என்று நோயாளியே முடிவுகட்டிவிடுவார். அவஸ்தைப்பூசுதல் என்ற பேரே அப்படி. 1972-ல் அந்தச் சடங்கு திருத்தப்பட்டு, சாகக் கிடக்கிறவர்களுக்கு மட்டுமென்று இல்லாமல், கடும் நோயில் இருக்கிறவர்களுக்கும் பெரிய அறுவைக்குப் போகிறவர்களுக்கும் முதுமையில் தளர்ந்தவர்களுக்கும் உரியது என்றானது. இப்போது பேர் நோயில்பூசுதல். நெற்றியிலும் இரண்டு கையிலும் எண்ணெய் பூசுவார்கள். இன்னும் சில வீடுகளில் "அம்மா பயந்துடுவாங்க" என்று கடைசி மூச்சுவரை சாமியாரைக் கூப்பிடாமல் இழுத்தடிக்கிறார்கள். ஆறுதலாக இருக்கவேண்டியது அப்படித்தான் அபாயமணி ஆகிவிடுகிறது.

பேசாமல் இருக்க வேண்டிய நேரமும் உண்டு. ஹிட்லர் ஆட்சியை எதிர்த்துச் சிறையிலிருந்த ஜெர்மன் போதகர் போன்ஹோபர், 1944 ஜனவரியில் பெர்லின் டேகல் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் ஒரு சம்பவம் வருகிறது. வெளியே குண்டு விழுகிறது, எல்லாரும் தரையில் படுத்துக் கிடக்கிறார்கள். வழக்கமாக விளையாட்டுத்தனமாக இருக்கிற ஒருவன் 'கடவுளே, கடவுளே' என்று முனகுகிறான். அவனுக்கு வேதவசன ஆறுதல் சொல்ல இவருக்கு மனம் வரவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் பத்து நிமிஷத்துக்குமேல் நீடிக்காது என்று மட்டும் சொன்னாராம். மிரண்டு கிடக்கிறவனைப் பிடித்து மதத்துக்கு இழுப்பது நியாயமில்லை என்ற கூச்சம் அவருக்கு இருந்தது. நம் ஐசியூ வாசல்களில் துண்டுப்பிரதி கொடுக்கிறவர்களுக்கு அந்தக் கூச்சத்தில் கொஞ்சம் கடன் வாங்கிக் கொடுக்கலாம்.

ராத்திரியும் மாத்திரையும்

ராத்திரி பயத்துக்குச் சின்ன வசனம்தான் உதவும். நெஞ்சு படபடக்கும்போது நீளமாக எதுவும் நினைவுக்கு வராது. 'நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்' (சங்கீதம் 56:3) தோதான அளவு. மூச்சை உள்ளே இழுக்கையில் முதல் பாதி, வெளியே விடுகையில் மறுபாதி. வெளியே விடுவது உள்ளே இழுப்பதைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும், நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் சரி. பத்துப் பதினைந்து முறை. பயம் போய்விட்டதா என்று நடுவில் சோதித்துப் பார்க்கக்கூடாது, சோதிக்கச் சோதிக்க அது கூடும். அந்தச் சங்கீதத்தின் தலைப்பு, பெலிஸ்தர் தாவீதைக் காத்தூரில் பிடித்தபோது என்கிறது. காத்தூரில் தாவீது எப்படித் தப்பினார் என்பது 1 சாமுவேல் 21-ல் இருக்கிறது. மிகவும் பயந்துபோய்ப் பைத்தியக்காரன் மாதிரி வேஷம் போட்டு, கதவுகளில் கீறி, தாடியில் நுரை வழிய நின்றார். கோலியாத்தை வீழ்த்தின அதே ஆள்தான்.

ஜெபம் தொட முடியாத இடத்தில் டாக்டர் தேவைப்படுவார். வாரக்கணக்காகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, அடுப்பை அணைத்தோமா என்று போய்ப் பார்ப்பதுபோல ஒரே பாவமன்னிப்பை இருபது முறை கேட்டும் மனசு ஆறவில்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் அது விசுவாசக் குறைவு இல்லை, சிகிச்சை வேண்டிய நிலை. அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்வந்து சர்க்கரை மாத்திரையையும் மனநல மாத்திரையையும் நிறுத்திவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிறுத்தச் சொல்கிற போதகர் யாராக இருந்தாலும் அந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்கக்கூடாது. பவுலே தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்கு அந்தக் காலத்து மருந்தாகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்றுதான் எழுதினார். எலியா தீர்க்கதரிசி சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தூதன் வந்து முதலில் கொடுத்தது பிரசங்கமா? தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டார், மறுபடியும் தூங்கினார். திரும்ப எழுப்பி மறுபடியும் சாப்பிட வைத்தான். பேச்சுவார்த்தையெல்லாம் நாற்பது நாள் கழித்து ஓரேப் மலையில்தான்.

பட்டியல் எடுத்தவர்கள்

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது குமரிக் கடற்கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போன படகுகள் பல திரும்பவில்லை. உடல் கிடைக்காத சாவு என்பது தனி வேதனை. அழுவதா, காத்திருப்பதா என்றே தெரியாது. அந்த நாட்களில் தூத்தூர்ப் பக்கத்துப் பங்குத்தந்தையர் ஜெபமாலை சொன்னதோடு நிற்கவில்லை. எந்தப் படகில் யார் போனார்கள் என்று ஊர்வாரியாகப் பட்டியல் எடுத்தார்கள். அரசு சொன்ன எண்ணிக்கைக்கும் அவர்கள் பட்டியலுக்கும் இருந்த வித்தியாசம் அப்போது பெரிய விவாதமானது. டிசம்பரில் காணாமல்போனவர்களைத் தேடச் சொல்லி மக்கள் குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது அங்கியோடு குருக்களும் உட்கார்ந்தார்கள். 'எதுவரைக்கும்' என்ற கேள்வியைக் கோயிலுக்குள் தேவனிடமும் ரயில் பாதையில் அரசாங்கத்திடமும் ஒரே ஜனம் ஒரே வாரத்தில் கேட்டது. இதில் எது ஆன்மீகம், எது அரசியல் என்று பிரிக்க நினைப்பவர்கள் முறையீட்டுச் சங்கீதங்களைத் திரும்ப ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம்.

பயத்தைச் சொல்ல ஒரு சபையில் இடமிருக்கிறதா என்று தெரிய, ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தைக் கவனித்தால் போதும். எழுந்து பேசுகிறவர்கள் எல்லாருமே முடிந்துபோன கதையைத்தான் சொல்வார்கள்: கட்டி கரைந்தது, விசா கிடைத்தது. பயாப்சி ரிசல்ட் புதன்கிழமைதான் வரும் என்றிருக்கிற பெண் அங்கே எழுந்து நிற்க வழியில்லை. அவரையும் ஒரு ஞாயிறு எழுந்து, "ரிசல்ட் இன்னும் வரல, எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லவிட்டுப் பார்க்கலாம். ஆயர் அதற்குப் பதில் பிரசங்கம் வைக்க வேண்டாம். பேரை ஜெபக்குறிப்பு நோட்டில் எழுதிக்கொண்டு, புதன்கிழமை காலையில் அவரோடு லேபுக்கு யார் போகிறீர்கள் என்று சபையைக் கேட்கட்டும்.